டக் ஸ்பேனரும் ரப்பர் பேண்டும்

ஸ்ரீராம்புரம்
ஜனவரி 12, 2025

லவினா அக்கா!!!

நான் தர்ஷினி. உங்களுக்கு என்னைத் தெரியாது, ஆனா உங்க வீடியோக்குக் கீழ முதல் கமென்ட் முக்கால்வாசி என்னோடதுதான். "கழட்டிப் பாப்போம்"னு பேரு, உடைஞ்ச மிக்ஸி படம். ஞாபகம் வருதா? வரலன்னாலும் பரவால்ல.

டக் ஸ்பேனருக்கு பேட்டன்ட் வந்துருச்சுன்னு நீங்க போட்ட வீடியோவ ஆபீஸ்ல பாத்துட்டுக் கத்திட்டேன். எனக்கு சாப்பாடு டெலிவரி கம்பெனில கஸ்டமர் சாட் வேலை. ஒருத்தர் பிரியாணில லெக் பீஸ் இல்லன்னு அழுதுட்டு இருந்தாரு, அவருக்கு "சூப்பர்ர்ர்"னு ரிப்ளை போயிடுச்சு. மெமோ குடுத்துட்டாங்க. ஒர்த்து.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்கினேன். கை போகாத சந்துல நட்டு மாட்டணும்னா, ஸ்பேனர் வளையத்துக்குள்ள இருக்கற கிளிப்பு நட்டைக் கெட்டியா பிடிச்சுக்கும். நட்டு போல்ட்டுல ஏற ஏற, போல்ட்டோட முனையே உள்ள வந்து கிளிப்பைத் தள்ளித் திறந்துடும். டக்! நட்டு அங்க, ஸ்பேனர் நம்ம கையில. அம்மா கேட்டாங்க, "இவ்ளோதானா? இதுக்கா கவர்மென்ட்டு பேப்பர் குடுத்தான்?" அவங்களுக்கு என்ன தெரியும். எங்க வாசல் சாக்கடைக்குள்ள நான் எத்தனை நட்டு போட்டிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.

இப்ப மெயின் மேட்டர். சிரிக்காதீங்க. 2021 லாக்டவுன்ல அப்பாவோட மொபெட் சைலன்சர் நட்டு மாட்ட நானும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சேன்! ரிங் ஸ்பேனருக்குப் பின்னாடி துணி காயப்போடற கிளிப்பைக் கட்டி! நட்டை சக்கத்தா, செமயா பிடிச்சுக்கும். என் சேனல்ல வீடியோ இருக்கு, லிங்க் கீழ. உங்களது மாதிரி பினிஷிங் எல்லாம் இல்ல. கடைசில சொதப்பிடுச்சு. ஆனா ஐடியா அதே ஐடியா இல்லையா அக்கா? நீங்க அப்ளை பண்ணது 2022 அக்டோபர்னு வீடியோல சொன்னீங்க. அதுக்கு முன்னாடியே நம்ம ரெண்டு பேர் மண்டையும் ஒரே ரூட்ல ஓடியிருக்கு!! இதை ஊருக்கே சொல்லணும் போல இருக்கு. சொல்லட்டுமா?

உங்க நம்பர் ஒன் (சத்தியமா)
தர்ஷினி


பிரேசர் டவுன்
ஜனவரி 15, 2025

தர்ஷினி,

மிக்ஸி பொண்ணு தானே, தெரியும். பட்டறைல என்கூட வேலை செய்யற டோரீன் உன் கமென்ட்டைத்தான் முதல்ல சத்தமா படிப்பா.

எனக்கு எழுத வராது, அதனால சுருக்கமா. துணி கிளிப் வீடியோ பாத்தோம். பட்டறைல இன்னொருத்தன், கிளெமென்ட், அவனுக்கு சிரிப்பு தாங்கல, கிண்டல் இல்ல, சந்தோஷம்தான். நான் அந்த கார் பார்ட்ஸ் கம்பெனி வேலைய விட்டப்போ இப்படித்தான் கண்டதையும் கட்டிப் பாத்துட்டு இருந்தேன்.

ஊருக்குச் சொல்லட்டுமான்னு கேட்டே. தாராளமா சொல்லு. ஏன் சொல்லக்கூடாது?

அட்ரஸ் அனுப்பு. ஒரு டக் ஸ்பேனர் அனுப்பறேன். பன்னெண்டாம் நம்பர். சைலன்சர் நட்டுக்கு அதுதான் வரும்.

லவினா


பிரேசர் டவுன்
ஜூன் 3, 2025

தர்ஷினி,

இனிமே நாம பேசறது எல்லாம் இப்படி எழுத்துலதான் இருக்கணும். போன் வேண்டாம், இன்ஸ்டா மெசேஜ் வேண்டாம். என் வக்கீல் ரெமிஜியஸ் சார் சொல்லியிருக்காரு. சாட்சிக்கு நான் சொல்லிக் குடுத்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதுன்னு.

சாட்சின்னா நீ.

அத்திபெலேங்கற ஊர்ல உத்தமன் டூல்ஸ்னு ஒரு கம்பெனி. ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாம் பண்றாங்க. போன வருஷம் டக் ஸ்பேனரை அவங்க பேர்ல போட கேட்டாங்க, நான் முடியாதுன்னேன். இப்ப என் பேட்டன்டை ரத்து பண்ணச் சொல்லி சென்னை பேட்டன்ட் ஆபீஸ்ல எதிர்ப்பு மனு போட்டிருக்காங்க. அதுல முதல் ஆதாரம், ஜனவரில என்கிட்ட கேட்டுட்டு நீ போட்ட ரீல்.

பேட்டன்ட் வேணும்னா பொருள் புதுசா இருந்தா மட்டும் போதாது. அந்த வேலை தெரிஞ்ச ஒரு சாதாரண மெக்கானிக்குக்கு அது தானா தோணியிருக்குமான்னு பாப்பாங்க. தோணியிருக்கும்னா பேட்டன்ட் நிக்காது. உன் துணி கிளிப் வீடியோவையும் என் ஸ்பேனரையும் பக்கத்துல பக்கத்துல போட்டு நீ எழுதினது அப்படியே மனுல இருக்கு: "இவ்ளோ சிம்பிள்!! யாருக்கு வேணா தோணியிருக்கும், எனக்கே தோணுச்சு!!! ஆனா பண்ணிக் காட்டினது அக்கா!" கீழ ஒன்பது லட்சம் வியூஸ்னு அதையும் போட்டிருக்காங்க.

அந்த சாதாரண மெக்கானிக் நீதான்னு சொல்றாங்க.

நீ பாராட்டித்தான் எழுதினேன்னு எனக்குத் தெரியும். தாராளமா சொல்லுன்னு நான்தான் சொன்னேன், அதுவும் தெரியும். ஆனா உத்தமன் ஆளுங்க அச்சு ரெடி பண்ணி வெச்சிருக்காங்களாம். பேட்டன்ட் போச்சுன்னா மறு வாரமே எல்லா கடைலயும் தொங்கும். இங்க நாங்க மூணு பேர். டோரீன், கிளெமென்ட், நான். நாலு வருஷமா வேற எதையும் நான் செய்யல. இந்த ஒண்ணுதான்.

பதில் எழுது.

லவினா


ஸ்ரீராம்புரம்
ஜூன் 4, 2025

அக்கா

செத்தேன்.

ரீலை டெலீட் பண்ணிடவா? அக்கவுன்ட்டையே தூக்கிடவா? இல்ல கேப்ஷனை எடிட் பண்ணி "யாருக்குமே தோணாது"ன்னு மாத்திடவா? (இதை டைப் பண்ணும்போதே எவ்ளோ பைத்தியக்காரத்தனம்னு தெரியுது. இருந்தாலும் அனுப்பறேன்.)

"சிம்பிள்"னா கேவலம்னு அர்த்தமா? நான் உங்களைப் பத்தி சொன்னதுலயே பெரிய வார்த்தை அதுதான். ஒண்ணைப் பாத்தவுடனே "அடச்சே, இது ஏன் நமக்கு வரல"ன்னு அடிச்சுக்கணும், அதான் நல்ல டிசைன். நீங்களே எட்டாவது வீடியோல சொல்லியிருக்கீங்க. அதை நம்பித்தானே எழுதினேன்!

பேட்டன்ட் பத்தி இப்பவே எல்லாம் படிக்கறேன். ஷிப்ட்டுல சாட் விண்டோக்குப் பின்னாடி பேட்டன்ட் சட்டம் ஓடுது. என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க. எதுன்னாலும் பண்றேன்.

தர்ஷினி


பிரேசர் டவுன்
ஜூன் 7, 2025

எதையும் தொடாதே. அவங்ககிட்ட எல்லாம் காப்பி இருக்கு. நீ அழிச்சா நான் அழிக்க வெச்சேன்னு ஆகும்.

பண்ண வேண்டியது ஒண்ணுதான். ரெமிஜியஸ் சார் உன் பேர்ல ஒரு அஃபிடவிட் டிராப்ட் பண்ணியிருக்காரு, இதோட இருக்கு. படிச்சுட்டு நோட்டரிகிட்ட கையெழுத்து போட்டு அனுப்பு. அதுல ரெண்டு விஷயம்தான். நீ முறையா வேலை கத்துக்கிட்ட மெக்கானிக் இல்ல, பொழுதுபோக்குக்குச் செய்யறவ. ரெண்டாவது, உன் கிளிப் நட்டைப் பிடிச்சதே தவிர ஒரு தடவை கூட தானா விடல.

பிடிக்கறது பழைய விஷயம் தர்ஷினி. காந்தம் வெச்சு பிடிக்கறவன் இருக்கான், கிரீஸ் தடவி பிடிக்கறவன் இருக்கான். போல்ட்டே வந்து விடுவிக்கறது, அதுதான் என்னோடது. அது உன் வீடியோல இல்ல. அதனால பயப்படாதே.

லவினா


ஸ்ரீராம்புரம்
ஜூன் 9, 2025

அக்கா,

டிராப்டை நாலு தடவை படிச்சேன்.

முதல் பாயின்ட். "பொழுதுபோக்குக்கு அவ்வப்போது சில பொருட்களைப் பிரித்துப் பார்ப்பவர்." ஓகே. எனக்கு ஐடிஐ சர்டிபிகேட் இல்ல. எங்க தெருவுல மிக்ஸி, கிரைண்டர், மொபெட்டு எல்லாம் நான்தான் பாக்கறேன், ஆனா காகிதம் இல்ல. பொழுதுபோக்குன்னே வெச்சுக்கோங்க. கொஞ்சம் பேஜாரா இருந்துச்சு, இப்ப சரியாயிட்டேன். கையெழுத்து போடறேன்.

ரெண்டாவது பாயின்ட்தான் அக்கா. அது உண்மை இல்ல.

நீங்க பாத்தது பார்ட் ஒன். பார்ட் டூன்னு ஒண்ணு என் சேனல்ல இருக்கு. நாப்பத்தி சொச்சம் வியூஸ், அதுல பாதி நான். சொதப்பல் வீடியோ, அதனால ரீல்ல போடல. அதுல என்ன நடக்குதுன்னா, பார்ட் ஒன்ல போட்டது சின்ன போல்ட்டு. பார்ட் டூல நீள போல்ட்டு. நட்டு ஏறினதும் போல்ட்டு முனை பின்னாடி வந்து துணி கிளிப்போட வாய்க்குள்ள நுழையுது. கிளிப்பு தானா திறந்துடுது. நட்டு விட்டுடுது.

அதே டக்.

நான் அப்போ என்ன பண்ணேன் தெரியுமா? "ஐயோ பாருங்க பிரண்ட்ஸ், கிளிப்பு லூஸு, பிடிக்க மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு, பூக்காரம்மா பொட்டலம் கட்டித் தர்ற ரப்பர் பேண்டு மூணை எடுத்து கிளிப்பு மேல இறுக்கிச் சுத்தினேன். திறக்கவே கூடாதுன்னு. அப்பறம் நட்டு விடவே இல்ல, இழுத்து இழுத்து கிளிப்பே உடைஞ்சிடுச்சு. "மிஷன் பெயில்"னு வீடியோ முடிச்சுட்டேன்.

கையில இருந்திருக்கு அக்கா. பாத்து, திட்டி, கட்டிப் போட்டிருக்கேன்.

ஜனவரில முதல் லெட்டர் எழுதும்போது கூட எனக்கு இது உறைக்கல. உங்க மெயில்ல "போல்ட்டே வந்து விடுவிக்கறது"ன்னு படிச்சப்பதான் சடார்னு வந்துச்சு. இப்ப "ஒரு தடவை கூட விடல"ன்னு நான் எப்படி கையெழுத்து போட?

என்ன பண்றது, சொல்லுங்க.

தர்ஷினி


ஸ்ரீராம்புரம்
ஜூன் 11, 2025

லவினா அக்காவுக்கு,

எல்லாம் எழுத்துல இருக்கணும்னு வக்கீல் சார் சொன்னாரு. அதனால எழுதறேன்.

நேத்து சாயங்காலம் நீங்க எனக்குப் போன் பண்ணீங்க. முதல் தடவையா உங்க குரலை நேர்ல மாதிரி கேட்டேன். நான் பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு இருந்தேன், சந்தோஷத்துல கால் தரையிலயே இல்ல. அப்ப நீங்க கேட்டீங்க, "அந்த ரெண்டாவது வீடியோவ கொஞ்ச நாளைக்கு பிரைவேட்ல போட்டுடேன் மா. டெலீட் வேண்டாம். யாரும் கேக்க மாட்டாங்க. அப்பறம் அந்த டிராப்ட்ல கையெழுத்து போட்டுடு."

நான் சரிக்கான்னு சொல்லிட்டேன். நீங்க என்ன சொல்லியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.

பஸ்ல உக்காந்து செட்டிங்ஸ் வரைக்கும் போனேன். "பிரைவேட்" பட்டன் மேல விரல் இருந்துச்சு. மூணு ஸ்டாப்பு போச்சு. முடியல அக்கா.

எட்டாவது வீடியோ, இருபதாவது வீடியோ, எல்லாத்துலயும் நீங்க உடைஞ்ச பீஸை கேமராவுக்குக் கிட்ட காட்டுவீங்க. "இதோ பாருங்க, இங்க கிராக்"னு. அதுக்குத்தான் நான் உங்க ஆளு. பினிஷிங்குக்கு இல்ல.

வீடியோ பப்ளிக்லயே இருக்கு. டிராப்ட்ல கையெழுத்து போடல.

தர்ஷினி


பிரேசர் டவுன்
ஜூன் 12, 2025

தர்ஷினி,

நான் கேட்டிருக்கக் கூடாது. சரி.

ஆனா நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குப் புரியுதா? போன்ல பேசினது காத்தோட போயிருக்கும். நீ அதைத் தேதி போட்டு எழுதி எனக்கே அனுப்பியிருக்கே. ரெமிஜியஸ் சார்கிட்ட காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு. அப்பறம், "லவினா, நான் எதுக்கு எழுத்துல வைன்னு சொன்னேன்னு நினைச்சே?"ன்னு கேட்டாரு. என்னைத்தான் கேட்டாரு, உன்னை இல்ல.

நீ ஒரு ரீல் போட்டே, ஊரே கைதட்டிச்சு. எனக்கு அது ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸா வந்துச்சு. நீ ஒரு மெயில் போட்டே, உன் மனசு லேசாச்சு. எனக்கு அது இன்னொரு நோட்டீஸ். உன்னோட ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் இங்க யாரோ எழுந்து கதவைத் திறக்க வேண்டியிருக்கு.

நான் வீடியோல உடைஞ்ச பீஸைக் காட்டுவேன், ஆமா. அது இன்னொருத்தன் எடுத்துட்டுப் போக முடியாத பீஸ்.

கொஞ்ச நாள் எழுதாதே.

லவினா


ஸ்ரீராம்புரம்
ஜூலை 2, 2025

அக்கா,

எழுதாதேன்னு சொன்னீங்க. இது எழுதியே ஆகணும், அதனால திட்டினாலும் பரவால்ல.

ஞாயித்துக்கிழமை உத்தமன் டூல்ஸ்ல இருந்து கிஷோர்னு ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. ஸ்வீட் பாக்ஸோட. எங்க வீட்டுல ரெண்டு பேர் உக்காந்தா மூணாவது ஆள் வாசல்ல நிக்கணும், அவரு வாசல்லயே நின்னாரு. அம்மா காபி குடுத்தாங்க.

"மேடம், உண்மைல கண்டுபிடிச்சது நீங்கதான். பேரை மட்டும் அந்தம்மா வாங்கிட்டாங்க"ன்னு ஆரம்பிச்சாரு. கம்பெனில டிசைன் டிபார்ட்மென்ட்டுல வேலை இருக்குன்னாரு. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் உள்ள பட்டாசு வெடிச்சுச்சு. யாரும் என்னை டிசைன்னு கூப்பிட்டதில்ல.

"அப்ப நான் பெரிய ஆளுன்னு உங்க மனுல எழுதியிருக்கீங்களா சார்?"

"அது எப்படி மேடம் எழுத முடியும்? நம்ம கேஸே, எந்தப் படிப்பும் இல்லாத ஒரு பொண்ணுக்கே இது தோணிச்சுங்கறதுதானே."

"அப்ப நான் புத்திசாலியா, இல்லையா?"

"வேலைல சேந்தா புத்திசாலி. கேஸ்ல சாதாரணம்." அவரே சிரிச்சுட்டாரு.

அம்மா உள்ள இருந்து, "தம்பி, அந்த ஸ்வீட்டை எடுத்துட்டுப் போங்க, இங்க எல்லாருக்கும் சுகரு"ன்னாங்க. எங்க வீட்டுல யாருக்கும் சுகர் இல்ல.

போகும்போது, வேற வீடியோ ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. சேனல்ல எல்லாம் பப்ளிக்தான், பாத்துக்கோங்கன்னேன். இந்நேரம் பாத்திருப்பாங்க.

அக்கா, உங்க டிராப்ட்ல நான் பொழுதுபோக்கு. அவங்க மனுல நான் எந்தப் படிப்பும் இல்லாத பொண்ணு. ரெண்டு பக்கமும் என்னை இழுக்கறீங்க, ரெண்டு பேருக்கும் நான் சின்ன ஆளா இருந்தாதான் வேலை நடக்குது. அதனால என் அஃபிடவிட்டை நானே எழுதிட்டேன். தெருவுல என்னென்ன ரிப்பேர் பண்றேன், கிளிப்பை எப்படிக் கட்டினேன், நீள போல்ட்டு போட்டதும் தானா திறந்துச்சு, அதை நான் கோளாறுன்னு நினைச்சேன், ரப்பர் பேண்டு சுத்தினேன், உடைஞ்சது. எல்லாம். போன் கால் பத்தி அதுல இல்ல. அது ஸ்பேனர் சம்பந்தப்பட்டது இல்ல. ஆனா யாராவது நேரா கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

மல்லேஸ்வரத்துல நோட்டரி படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டி, "ஏனம்மா இது, ரப்பர் பேண்ட் கேஸா?"ன்னு கேட்டாரு. முத்திரை போட்டுக் குடுத்தாரு.

நானா நேரா தாக்கல் பண்ண முடியாதாம், யாராவது ஒரு பார்ட்டி மூலமாத்தான் போகணும். முதல்ல உங்களுக்கு அனுப்பறேன். போடறதும் போடாததும் உங்க இஷ்டம். அவங்க கேட்டா அவங்களுக்கும் இதே பேப்பர்தான். ஒரு வரி கூட மாறாது.

தர்ஷினி


பிரேசர் டவுன்
ஜூலை 8, 2025

தர்ஷினி,

தாக்கல் பண்ணியாச்சு. ஒரு வரி மாத்தல.

ரெமிஜியஸ் சார் வேண்டாம்னாரு. "எதிராளி தேடிட்டு இருக்கற கத்தியை நீயே கழுவித் தட்டுல வெச்சுக் குடுக்கறே"ன்னு கத்தினாரு. டோரீன் அழுதா. கிளெமென்ட் கிரைண்டரைப் போட்டுட்டான், யாரு பேசறதும் கேக்காம இருக்க.

உன் பார்ட் டூவை அதுவரைக்கும் நான் முழுசா பாக்கல. கிளிப்பு திறக்கற இடம் வரைக்கும் பாத்துட்டு மூடிட்டேன். அன்னிக்குத்தான் போன் பண்ணேன். உன் பேப்பர் வந்தப்பறம் மறுபடி உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தேன். நீ எவ்ளோ கோவமா ரப்பர் பேண்டைச் சுத்தறே. ஒண்ணு போட்டு, பத்தாதுன்னு இன்னொண்ணு. மூணாவதைப் பல்லால இழுத்து.

அப்பதான் எனக்குத் தோணிச்சு. தானா தோணற விஷயம்னா இந்தப் பொண்ணுக்கு அந்த இடத்துல தோணியிருக்கணுமே. கண்ணு முன்னாடி நடக்குது, கையில இருக்கு, அப்பவும் வேலை தெரிஞ்ச ஒருத்தி அதைத் தடுக்கத்தான் பாக்கறா. நானும் ஆரம்பத்துல கிளிப்பை இறுக்கத்தான் பாத்தேன். மாசக்கணக்கா. விடட்டும்னு யோசிக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு.

இது ஜெயிக்குமான்னு தெரியாது. உன் வீடியோவை வெச்சே உத்தமன் எல்லாத்தையும் முடிச்சிடலாம். சார் அப்படித்தான் நினைக்கறாரு.

பொழுதுபோக்குன்னு எழுதின டிராப்டைக் கிழிச்சுப் போட்டாச்சு. அது என் கண்ணு முன்னாடி எழுதினதுதான். நான் தடுக்கல.

லவினா


ஸ்ரீராம்புரம்
நவம்பர் 19, 2025

அக்கா,

விசாரணைல நீங்களும் ஸ்கிரீன்ல இருந்தீங்க, ஆனா உங்க கேமரா ஆப்ல இருந்துச்சு. வெறும் "எல்"னு ஒரு வட்டம். அதனால நீங்க எப்படி கேட்டீங்கன்னு தெரியல. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதிடறேன்.

லீவு கிடைக்கல, ஆபீஸ் மீட்டிங் ரூம்ல உக்காந்து பேசினேன். கண்ணாடிக் கதவு. வெளிய எங்க டீம் லீடர் மணிக்கட்டைக் காட்டிக்கிட்டே இருந்தான்.

உத்தமன் பக்கத்து வக்கீல் மேடம் ரொம்ப மரியாதையா கேட்டாங்க, அதான் பயமா இருந்துச்சு.

"கிளிப் தானா திறந்ததைப் பாத்தீங்க?"

"பாத்தேன் மேடம்."

"போல்ட் முனை தள்ளித்தான் திறந்துச்சுன்னு அப்பவே புரிஞ்சுது?"

"புரிஞ்சுது."

"அப்ப இந்தக் கண்டுபிடிப்பு 2021லயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"நடந்தது தெரிஞ்சுது மேடம். கோளாறுன்னு தெரிஞ்சுது."

தீர்ப்பு சொல்ற பேட்டன்ட் ஆபீஸ் கன்ட்ரோலர் சார் எதோ எழுதினாரு. அந்த மேடம் விடல. "உங்க ரீல்ல யாருக்கு வேணா தோணியிருக்கும்னு நீங்கதானே எழுதினீங்க? அது பொய்யா?"

நான் சொன்னேன், "பொய் இல்ல மேடம். அக்கா செஞ்சு காட்டினதைப் பாத்தப்பறம் எழுதினது. இப்ப எங்க அம்மாவுக்கும் தோணும். காட்டறதுக்கு முன்னாடி எனக்குத் தோணினது ரப்பர் பேண்டுதான்."

யாரோ மியூட் பண்ணாம சிரிச்சாங்க. உங்க பக்கமா, அவங்க பக்கமான்னு தெரியல.

அதுக்கப்பறம் ஒரு கேள்வி. "இந்த அஃபிடவிட் சம்பந்தமா யாராவது உங்களுக்கு அழுத்தம் குடுத்தாங்களா?" நான் உங்க வட்டத்தைப் பாத்தேன். "இந்த அஃபிடவிட்டை நானே எழுதினேன் மேடம், யாரும் ஒரு வார்த்தை சொல்லல"ன்னேன். அவங்க கேட்டதுக்கு அது உண்மை. கேக்காததுக்கு நான் பதில் சொல்லல. இல்லைன்னு சொல்ல மாட்டேன்னு உங்களுக்கு எழுதியிருந்தேன், அதைக் காப்பாத்தினேன்னும் சொல்லலாம், நழுவினேன்னும் சொல்லலாம். அன்னில இருந்து அது ஒரு மாதிரி நெருடிட்டே இருக்கு.

வெளிய வந்ததும் டீம் லீடர், "என்ன, கல்யாண பேச்சா?"ன்னான். ஆமான்னேன்.

தர்ஷினி


பிரேசர் டவுன்
மார்ச் 4, 2026

தர்ஷினி!

ஆர்டர் வந்துருச்சு. பேட்டன்ட் நிக்குது. நட்டைப் பிடிக்கற பகுதியை எல்லாம் வெட்டிட்டாங்க, போல்ட் முனை வந்து விடுவிக்கறது மட்டும் எனக்கு. அது போதும். அதுதான் எல்லாமே.

இதோட இருக்கு, முப்பத்தி ஒண்ணாவது பத்தியைப் படி. "மேற்படி சாட்சி இத்துறையில் சாதாரணத் திறமை கொண்டவர் என்பதில் ஐயமில்லை. தம் கண்முன் நிகழ்ந்ததையும் அவர் குறையெனக் கருதித் தடுக்கவே முயன்றுள்ளார். எனவே இது எளிதில் தோன்றக்கூடியது என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல." நான் தமிழ்ல எழுதிப் பாத்தேன், டோரீன் பட்டறைச் சுவத்துல ஒட்டிட்டா. கிளெமென்ட் காலைல இருந்து ரப்பர் பேண்டைக் கைல மாட்டிட்டு வேலை செய்யறான். ரெமிஜியஸ் சார் மூணு பாக்கெட் கேக்கோட வந்தாரு, எல்லாம் அவரோட ஐடியான்னு சொல்லிட்டு இருக்காரு.

மாதாவே, ஒம்பது மாசத்துக்கப்பறம் தூங்கினேன்.

நீ பட்டறைக்கு வரணும். ஒரு வீடியோ பண்ணலாம். நீயும் நானும். உன் துணி கிளிப், என் ஸ்பேனர், ரெண்டையும் மேசை மேல வெச்சு, முழுக் கதையையும் சொல்லலாம். "தர்ஷினி இல்லன்னா இது இல்ல"ன்னு நான் கேமராவைப் பாத்துச் சொல்றேன். எந்த சனிக்கிழமை வர்றே?

அந்தப் போன் விஷயம். அதைப் பத்தி எழுதணும்னு ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். வரல. நேர்ல சொல்றேன்.

லவினா


ஸ்ரீராம்புரம்
மார்ச் 8, 2026

அக்கா,

உங்க லெட்டர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆர்டரை வெப்சைட்ல பாத்துட்டேன். தினமும் ரிப்ரெஷ் பண்ணிட்டு இருந்தேன். பட்டறை தப்பிச்சுது. டோரீன் அக்காவை நினைச்சேன். நிஜமா சந்தோஷம்.

அம்மா, "என்னடி எழுதியிருக்கான்?"னு கேட்டாங்க. "நான் சாதாரணத் திறமை உள்ளவன்னு எழுதியிருக்காங்க"ன்னேன். "அதுக்கு எதுக்குடி ஒரு வருஷம்? என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பேனே"ன்னாங்க. அப்பறம் அவங்களே, "ஆனா திறமைன்னு எழுதியிருக்கான் இல்ல, பொழுதுபோக்குன்னு எழுதலையே"ன்னாங்க. பிரின்ட் எடுத்து வெச்சிருக்கேன். எனக்குன்னு அரசாங்கம் குடுத்த முதல் சர்டிபிகேட் அதுதான். கொஞ்சம் பெருமையாவும் இருக்கு, கொஞ்சம் வயித்தெரிச்சலாவும் இருக்கு. கையில இருந்ததைக் கட்டிப் போட்டவன்னு நம்பர் போட்டு, பத்தி போட்டு, யாரு வேணா டவுன்லோட் பண்ற மாதிரி இருக்கு.

வீடியோவுக்கு நான் வரல அக்கா.

ரப்பர் பேண்டு பொண்ணுன்னு கமென்ட்ல கிண்டல் பண்ணுவாங்கன்னு இல்ல. பண்ணட்டும், நானும் சேந்து பண்ணுவேன். மேட்டர் வேற. முழுக் கதையையும் சொல்லலாம்னு எழுதியிருக்கீங்க. பஸ் ஸ்டாப்புல நான் நின்னுட்டு இருந்த சாயங்காலம் அந்தக் கதைல வருமா? வராது. வரக்கூடாதுன்னுதான் நானும் நினைக்கறேன், உங்களை யாரும் திட்டறது எனக்குப் பிடிக்காது. ஆனா அதை விட்டுட்டு நாம ரெண்டு பேரும் ஒரே பிரேம்ல தோள் மேல கை போட்டு சிரிக்கணும். அன்னிக்கு அந்த மேடம் கேட்டப்போ ஒரு தடவை அப்படி நழுவிட்டேன். இன்னொரு தடவை, அதுவும் கேமராவைப் பாத்துட்டு, எனக்கு வராது.

நேர்ல சொல்றேன்னு எழுதியிருக்கீங்களே, அதையும் எழுத்துல அனுப்புங்க. எப்ப முடியுதோ அப்ப. அவசரமே இல்ல.

உத்தமன் அப்பீல் போவாங்கன்னு சட்டக் குரூப்புல பேசிக்கறாங்க. போனாங்கன்னா மறுபடி என்னைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டா லீவு போட்டுட்டு வருவேன், அதே வார்த்தைங்களைத்தான் சொல்லுவேன், உங்க ஸ்பேனர் உங்களோடதுதான்னு சொல்லுவேன்.

அதுக்கு வர்றேன். சனிக்கிழமைக்கு வேண்டாம்.

தர்ஷினி